மூன்று நாள் போதுமா?

ஓர் ஊரைப் பற்றி, "அந்த ஊர்க்காரங்க அப்படித்தான் சார்" என்று சொல்வதற்கு அங்கே குறைந்தது எத்தனை நாள் இருந்திருக்க வேண்டும்? ஒரு வருஷம்? ஆறு மாதம்? நீங்களும் நானும் அநேகமாக மூன்று நாளில் சொல்லிவிடுகிறோம். சில சமயம் ஏர்போர்ட்டிலிருந்து ஓட்டலுக்குப் போகிற டாக்ஸியிலேயே தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறோம். போகாமலேயே சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். உண்மையில் அவர்கள்தான் மெஜாரிட்டி.

எனக்கு இந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது எளாவூரில்.

எளாவூர் தெரியுமா உங்களுக்கு? பேப்பரில் பெயரைப் பார்த்திருப்பீர்கள். "எளாவூர் சோதனைச்சாவடியில் கஞ்சா பறிமுதல்" என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது உள்பக்கத்தில் ஒரு செய்தி வரும். சென்னையிலிருந்து வடக்கே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். கல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டி தாண்டியதும் வருகிற ஊர். இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஆரம்பாக்கம், அப்புறம் ஆந்திரா. சூலூர்பேட்டை போகிற மின்சார ரயில் இங்கே நிற்கும். உங்களுக்கும் எனக்கும் எளாவூர் என்றால் லாரி வரிசை, செக்போஸ்ட், கஞ்சா. அங்கே வயல் இருப்பதும், ஏரி இருப்பதும், வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் இருப்பதும் நம் கணக்கில் வராது. பாருங்கள், ஆரம்பிக்கும்போதே ஓர் ஊருக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது!

அங்கே எனக்கு ஒரு நண்பர். ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய மகன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறான். மருமகள் தினமும் ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிற பெண். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு வியட்நாமுக்குக் கிளம்பிவிட்டார்கள். டூர் கம்பெனி கிடையாது, கைடு கிடையாது. இருபத்தைந்து டாலருக்கு ஆன்லைனில் விசா. பதினாலு நாள்.

அந்தக் காலத்தில் புதுசாகக் கல்யாணமானவர்கள் ஊட்டிக்குப் போய் குதிரை மேல் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு வருவார்கள். இப்போது ஹோ சி மின் நகரம். முன்பு சைகோன் என்று படித்திருப்பீர்களே, அதேதான். 2024-ல் மட்டும் இந்தியாவிலிருந்து வியட்நாம் போனவர்கள் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர். நல்ல விஷயம்தான். நம் வீட்டுப் பிள்ளைகள் நாலு ஊர் பார்க்கட்டும்.

முதல் நாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி: "ரோட்டைத் தாண்ட முடியலை மாமா!" அங்கே ஸ்கூட்டர்கள் வெள்ளம் மாதிரி வருமாம். சிக்னலுக்காகக் காத்திருந்தால் சாயங்காலம் வரை அந்தப் பிளாட்பாரத்திலேயே நிற்க வேண்டியதுதான். ஓடவும் கூடாது, நிற்கவும் கூடாது. ஒரே சீராக, மெதுவாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். வண்டிகள் தானாக விலகிப் போகும். நம் வண்ணாரப்பேட்டையில் பழகியவர்களுக்கே வயிற்றைக் கலக்கியிருக்கிறது. ஒரு பெரியவர் மருமகளின் முழங்கையைத் தொட்டு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாராம். உடனே தீர்ப்பு வந்தது: "ஜனங்க ரொம்ப நல்லவங்க."

ரெண்டாம் நாள் காலை. வியட்நாம் பணத்தில் பூஜ்யங்கள் அதிகம். நம்முடைய ஒரு ரூபாய்க்குச் சுமார் முந்நூறு டாங். இருபதாயிரம் டாங் நோட்டும் ஐந்து லட்சம் டாங் நோட்டும் ரெண்டுமே நீலம்; ரெண்டிலும் ஹோ சி மின் படம். எல்லா நோட்டிலும் அவர்தான். தெருவோரம் ரெண்டு டம்ளர் கரும்புச்சாறு குடித்துவிட்டு மருமகள் நோட்டை நீட்டியிருக்கிறாள். அவள் மனசில் அது இருபதாயிரம். அதாவது நம் கணக்கில் எழுபது ரூபாய்க்குள். நீட்டியது ஐந்து லட்சம். ஆயிரத்தெழுநூறு ரூபாய்க்குப் பக்கம்! கடைக்காரப் பாட்டி கையை ஆட்டி, தலையை ஆட்டி, கடைசியில் அவள் பர்ஸையே தொட்டுக் காட்டி சரியான நோட்டை எடுக்க வைத்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் சைக்ளோ என்கிற மிதிரிக்‌ஷாவில் ஏறினார்கள். பேசிய தொகை ஒன்று. இறங்கும்போது வண்டிக்காரர் லாமினேட் செய்த ஓர் அட்டையைக் காட்டினார். அதில் பேசியதைப்போலப் பத்து மடங்கு. வாக்குவாதம். சுற்றி நாலு பேர். கொடுத்துவிட்டு வந்தார்கள்.

இரவு மகனிடமிருந்து செய்தி: "ஏமாத்துக்கார ஊர். ஜாக்கிரதையா இருக்கணும்."

இதைப் படித்துவிட்டு நண்பர் சிரித்தாராம். ஆனால், அந்த ஓட்டல் அறையில் ஒரு சண்டை நடந்திருக்கிறது. திரும்பி வந்த பிறகு மருமகள்தான் சொன்னாள்.

"ஏமாத்துக்கார ஊர்னு எப்படிப் போடுவே? காலைல அந்தப் பாட்டி நோட்டைத் திருப்பிக் கொடுத்தாங்களே?"

"பாட்டி நல்லவங்கதான். யார் இல்லேன்னா?"

"அப்ப பாட்டி மட்டும் தனி ஆள். சைக்ளோக்காரன் மட்டும் மொத்த ஊரா?"

மகனிடம் பதில் இல்லை. எனக்கு அந்தப் பெண்ணின் கேள்வி ரொம்பப் பிடித்திருந்தது. யோசித்துப் பாருங்கள். வெளியூரில் ஒருவர் நமக்கு நல்லது செய்தால் அது அவருடைய சொந்த வரவு. கெட்டது செய்தால் ஊருடைய செலவுக் கணக்கு. உள்ளூரிலோ கணக்கு தலைகீழ். நம்ம ஆள் ஒருத்தன் ஏமாற்றினால், "எங்கேயும் நாலு பேர் இப்படி இருப்பாங்க சார்." நம்ம ஆள் ஒருத்தன் பர்ஸைத் திருப்பிக் கொடுத்தால், "அதான் சார் தமிழன்!" வங்கியில் இப்படிக் கணக்கு எழுதினால் உள்ளே வைத்துவிடுவார்கள்.

ரெண்டு பேராகப் பயணம் போவதில் இப்படியொரு சௌகரியம் இருக்கிறது. தனியாகப் போகிறவருக்குத் தோன்றியதெல்லாம் உண்மை. மறுக்க ஆள் இல்லை. டைரியில் எழுதுவார், பிறகு புத்தகமாகவும் போடுவார். புருஷன் பெண்டாட்டியாகப் போனால் ஒருவர் கண்ணில் பட்டதை மற்றவர் கண் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. காபி கசப்பா இல்லையா என்பதிலிருந்து ஜனங்கள் நல்லவர்களா இல்லையா என்பது வரை வழக்கு நடக்கும். ஹனிமூன் போன இடத்தில் சண்டையா என்று கேட்காதீர்கள். அந்தச் சண்டைதான் அவர்கள் ரெண்டு பேரையும் மூன்றாம் நாளும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வைத்தது.

தனியாகப் போன ஒரு பெரிய மனிதரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். யுவான் சுவாங். சீனத்திலிருந்து புத்த நூல்களைத் தேடி வந்த துறவி. சுமார் 640-ல் காஞ்சிபுரம் வரை வந்தார். நரசிம்மவர்ம பல்லவன் காலம். திராவிட நாட்டு மக்கள் தைரியசாலிகள், நேர்மையானவர்கள், கல்வியை மதிக்கிறவர்கள் என்று எழுதி வைத்தார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாம் இதைப் பெருமையாகப் படித்தோம். எத்தனை நாள் இருந்தார், யார் யாரிடம் பேசினார், காஞ்சியில் பிட்சுகளைத் தவிர எத்தனை பேரைப் பார்த்தார் என்று எந்த மாணவனும் கேட்டதில்லை. புகழ்ந்தவரிடம் யார் ஆதாரம் கேட்பார்கள்?

அதே யுவான் சுவாங் சோழர் பகுதி என்று ஒன்றைச் சொல்லி, அங்கே காடும் சதுப்பும், ஜனங்கள் முரடர்கள், வழிப்பறிக்காரர்கள் உண்டு என்றும் எழுதியிருக்கிறார். இன்னும் தெற்கே பாண்டிய நாடு என்று கருதப்படும் பகுதிக்காரர்களுக்குப் படிப்பில் அவ்வளவு அக்கறை இல்லை, வியாபார லாபத்திலேயே குறி என்கிறார். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊரைப் பற்றி! இந்தப் பகுதியை நம் பள்ளிப் புத்தகம் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். அவர் அந்தத் தெற்குக்கு நேரில் போகவே இல்லை, காஞ்சியில் கேட்டதை வைத்து எழுதினார் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. காஞ்சியில் உட்கார்ந்துகொண்டு மதுரைக்காரர்களைப் பற்றி யார் அவருக்குச் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. யுவான் சுவாங்கை விடுங்கள். நம்ம ஜோடி சைகோனில் பார்த்த வேறொன்றைச் சொல்கிறேன்.

பென் தான் மார்க்கெட் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நம்மவர்கள் கட்டியது. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை பார்க்கப் போனவர்கள், துணி வியாபாரத்துக்குப் போன முஸ்லிம்கள், வட்டிக்கடை வைக்கப் போன நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் என்று ஒரு கூட்டமே அங்கே இருந்தது. 1975-க்குப் பிறகு பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். இன்றைக்குக் கோயிலில் நிற்பவர்கள் வியட்நாமியர்களும் சீனர்களும். கருங்கல் சுவரில் நெற்றியை வைத்து, வேண்டுதலைக் காதோடு காதாகச் சொல்வதுபோல முணுமுணுக்கிறார்களாம். எளாவூர் மருமகள் அதைப் பார்த்துக் கண்கலங்கிவிட்டாள். அவளுக்கே காரணம் தெரியவில்லை.

அது சரி, அந்தக் காலத்தில் நம்மவர்களை உள்ளூர் ஜனங்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் தெரியுமா? "சா வா." அதாவது ஜாவா! மலாய்க்காரர், இந்தியர், தமிழர் எல்லாரும் ஒரே பெயரில் ஜாவாக்காரர்கள். காரைக்குடியிலிருந்து போனவரும் ஜாவா, காரைக்காலிலிருந்து போனவரும் ஜாவா. சைகோனில் இன்றும் "சா வா பாலம்" என்று ஒரு பாலம் இருக்கிறது. பார்ப்பதற்குக் கறுப்பாக இருந்தார்கள், கடல் வழியாக வந்தார்கள், பேச்சு புரியவில்லை. அவ்வளவுதான், பெயர் வைத்தாகிவிட்டது. வாழ்நாளில் ஜாவாவைக் கண்ணால் பார்த்திராத நம் தாத்தாக்கள் மூன்று தலைமுறை ஜாவாக்காரர்களாக இருந்துவிட்டு வந்தார்கள்.

சிரிக்கிறீர்களா? இப்போது எளாவூருக்குத் திரும்புவோம்.

நண்பரின் வீட்டுக்குப் பின்னால் நாலு லைன் வீடுகள். ஒரு ரூம், ஓரமாகச் சமையல் மேடை, பொதுக் குழாய். சிப்காட் வந்த பிறகு இந்தப் பக்கத்தில் இப்படி நிறையப் பேர் கட்டிவிட்டிருக்கிறார்கள். இரும்பு உருக்கும் ஆலைகளும் கம்பி இழுக்கும் ஆலைகளும் இருக்கிற பகுதி. சூட்டில் நிற்கிற வேலைக்கு உள்ளூர்ப் பையன்கள் வருவது குறைந்து ரொம்ப நாளாயிற்று. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளத்திலிருந்து வருகிறார்கள். கடைசி வீட்டில் ஒரு இளம் ஜோடி. ஒடிசாவில் பிரம்மபூர் பக்கம். ஆயிரம் கிலோமீட்டர் ரயிலில் வந்து இறங்கியபோது அவர்கள் முதுகிலும் ஆளுக்கொரு பை. வியட்நாம் போன ஜோடியின் வயசுதான். அவர்களுக்கும் ஊர் பாஷை தெரியாது. அவர்களும் கூகுளைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடித்தார்கள்.

முதுகுப் பையைப் பற்றி ஒரு சின்ன விஷயம். சைகோனில் வெள்ளைக்காரப் பயணிகள் தங்குகிற தெருவுக்கு, "முதுகுப்பை வெள்ளைக்காரர் தெரு" என்று அர்த்தம் வருகிற மாதிரி ஒரு செல்லப்பெயர் உண்டு. பை அங்கே ஊர் சுற்றுகிறவனின் அடையாளம். அந்தப் பையைப் பார்த்தால் கடைக்காரருக்கு முகம் மலரும். எளாவூரில் அதே பையை ஒரு மெலிந்த, கறுத்த வடக்கத்திப் பையன் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றால் உங்கள் மனசில் முதலில் என்ன வரும்? உண்மையைச் சொல்லுங்கள். பேப்பரில் படித்த உள்பக்கச் செய்தி வரும். சந்தேகப்பட்டால் பையைத் திறக்கச் சொல்வது போலீஸின் வேலை, அதை நான் குறை சொல்லவில்லை. போலீஸ்காரர் பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார். பஸ் ஸ்டாப்பில் நிற்கிற நமக்கு அந்த வசதி இல்லை. திறந்து பார்க்காமலேயே முடிவு செய்துவிட்டு, நம் பையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறோம்.

நண்பரின் மனைவி அந்த ஜோடியை முதலில் "இந்திக்காரங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். தெருவே அப்படித்தான் சொல்லியது. ஒடிசாக்காரரின் தாய்மொழி ஒடியா. அதற்குத் தனி எழுத்து உண்டு, தனி இலக்கியம் உண்டு, 2014-ல் செம்மொழி என்று மத்திய அரசு அறிவித்தது. நம் தெருவுக்கு அதெல்லாம் எதற்கு? வடக்கேயிருந்து வந்தால் இந்தி. ஜாவா மாதிரி.

ஒருநாள் குழாயடியில் அந்த ஒடியாப் பெண் ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கிறாள். "எளாவூர்." சுத்தமான "ள"! சென்னையிலிருந்து வருகிற நம் சொந்தக்காரர்களே "எலாவூர்" என்கிறார்கள். இவளுக்கு எப்படி வந்தது? காரணம் எளிது. இந்தியில் "ள" இல்லை, ஒடியாவில் இருக்கிறது. இன்னொரு நாள் நண்பரின் மனைவி பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் "பக்காளா, பக்காளா" என்று குதித்திருக்கிறாள். ஒடிசாவில் பழைய சோற்றுக்கு அதுதான் பெயர். வெயில் காலத்தில் அங்கே வீட்டுக்கு வீடு அதுதான். இன்னும் கேளுங்கள். பிரம்மபூர் ஆந்திர எல்லைக்குப் பக்கம். அவளுக்குக் கொஞ்சம் தெலுங்கு வரும். நண்பரின் மனைவிக்கு வீட்டுப் பாஷையே தெலுங்கு! மூன்று மாசமாகச் சைகையில் பேசிக்கொண்டிருந்த ரெண்டு பேரும் அன்றைக்குத்தான் வாயைத் திறந்து பேசினார்கள். "இத்தனை நாள் ஊமை மாதிரி இருந்தோமேம்மா" என்று இவர் சொல்ல, அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லையாம்.

பாஷையால் வெளியூர்க்காரர், உள்ளூர்க்காரர் என்று பிரிப்பதை எளாவூர் பக்கம் நின்றுகொண்டு பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி (முட்டாள்கள் தினம் என்று சிரிக்காதீர்கள்) எல்லையைத் திருத்தினார்கள். திருத்தணி நம்மிடம் வந்தது. பதிலுக்கு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சில கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. ராத்திரி மெட்ராஸ் ராஜ்யத்தில் படுத்தவர் காலையில் ஆந்திராவில் எழுந்தார். பாயைக்கூடச் சுருட்டவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் அபிப்பிராயமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது நம் கையில் இல்லை. கண் திறந்திருந்தால் தோன்றத்தான் செய்யும். வியட்நாமில் நம்ம பையனுக்குத் தோன்றியதற்கும் எளாவூர்த் தெருவுக்குத் தோன்றியதற்கும் அந்த வகையில் வித்தியாசம் இல்லை. ரெண்டும் அவசரம், ரெண்டும் அரைகுறை. வித்தியாசம், அந்த அபிப்பிராயத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

நம்ம பையன் ஹோ சி மின் நகரத்தை ஏமாத்துக்கார ஊர் என்று எழுதினான். அதனால் அந்த ஊருக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. பதினாலாம் நாள் விமானம் ஏறிவிட்டான். அந்தப் பாட்டி மறுநாளும் கரும்புச்சாறு விற்றிருப்பார். பயணியின் தப்பான அபிப்பிராயம் பயணியோடு போய்விடும். ஆனால், சொந்த ஊரில் நிற்கிறவனுடைய தப்பான அபிப்பிராயத்துக்கு அதிகாரம் இருக்கிறது. வீடு கொடுப்பதா, எத்தனை மாசம் அட்வான்ஸ், குழாயில் எந்த நேரம் தண்ணீர், தெருவில் ஒரு செல்போன் காணாமல் போனால் முதலில் யாருடைய ரூமைப் பார்ப்பது எல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகிறது. வந்தவர் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது நமக்கு ஒரு சுவாரசியம். நாம் அவரைப் பற்றி என்ன நினைக்கிறோம் என்பது அவருக்கு வாடகை. அப்படியானால், எண்ணத்தைத் திருத்திக்கொள்ளும் பொறுப்பு யாருக்கு அதிகம்? பை மாட்டிக்கொண்டு வந்தவருக்கா, வாசலில் நிற்கிறவருக்கா?

சைகோன் மார்க்கெட்டில் கடைக்காரர்கள் கால்குலேட்டரில் விலையை அடித்துக் காட்டுவார்களாம். நம்ம மருமகள் அதை வாங்கிப் பாதி விலையை அடித்து நீட்டுவாள். அவர் சிரித்துக்கொண்டே கொஞ்சம் ஏற்றி அடிப்பார். இப்படி நாலு தடவை போய் வரும். அவளுக்கு அது ஒரு விளையாட்டு. எளாவூர் மளிகைக் கடையிலும் ஒடியாப் பெண்ணுக்குச் செல்போனில் நம்பரை அடித்துத்தான் காட்டுகிறார்கள். அவள் பதிலுக்கு ஒருநாளும் நம்பர் அடித்ததில்லை. பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டு வருகிறாள். இதைக் கவனித்துச் சொன்னதும் மருமகள்தான்.

உங்களில் சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. "எல்லாம் சரி சார், எச்சரிக்கை வேண்டாமா? யார் எவர் என்று தெரியாமல் வீடு கொடுத்துவிட்டு நாளைக்கு ஏதாவது ஆனால்?" நியாயமான பேச்சு. ஆதார் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே வேலை என்று விசாரியுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் விவரம் கொடுங்கள். இதையெல்லாம் தஞ்சாவூரிலிருந்து வருகிறவருக்கும் செய்தால் அது எச்சரிக்கை. பிரம்மபூரிலிருந்து வந்தவருக்கு மட்டும் செய்தால் அதற்கு வேறு பெயர். எச்சரிக்கைக்கு ஒரு முடிவு உண்டு. விசாரித்தாயிற்று, சரி என்று ஓய்ந்துவிடும். மற்றதற்கு ஆறு மாசம் ஒழுங்காக வாடகை கொடுத்தாலும் முடிவு கிடையாது.

முதல் பார்வை எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும் என்பதற்கு கும்மிடிப்பூண்டியிலேயே சாட்சி உண்டு. இலங்கைத் தமிழர் முகாம். மாநிலத்தின் பெரிய முகாம்களில் ஒன்று. 1990 வாக்கில் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு படகேறி வந்தவர்கள். அவர்களிலும் புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் இருந்தார்கள். நம் பாஷை, நம் சாமி, நம் சினிமா. ஆனாலும் 1991 மே மாதம் ஶ்ரீபெரும்புதூரில் நடந்த படுகொலைக்குப் பிறகு, அந்தப் பாவத்தில் சம்பந்தமே இல்லாத குடும்பங்களையும் ஊர் வேறு கண்ணோடு பார்த்தது. ஒரு கும்பல் செய்ததை எல்லோர் கணக்கிலும் எழுதினோம். முகாமிலேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே கல்யாணமும் செய்துகொண்டவர்களுக்கு இன்று முப்பது வயசு தாண்டிவிட்டது. 2021-ல் அரசு "அகதிகள் முகாம்" என்ற பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. நல்ல காரியம். கடைத்தெருவில் இன்னும் "கேம்ப்காரங்க" என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு சங்கப் பாட்டை நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நான் சொல்லப்போவதில்லை. ஐ.நா. சபை வரைக்கும் அதைக் கொண்டுபோய்ச் சொல்லியாகிவிட்டது. லைன் வீட்டுக்கு வாடகை பேசும்போது மட்டும் ஏனோ ஞாபகத்துக்கு வருவதில்லை.

அபிப்பிராயம் ஒருவழிப் பாதையும் இல்லை. 2023 மார்ச்சில் நடந்தது நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. எங்கேயோ, எப்போதோ, வேறு எதற்காகவோ எடுத்த காட்சிகள். தமிழ்நாடு போலீஸ் அவை பொய் என்று அறிவித்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. அதற்குள் பயந்துபோய் ரயிலேறியவர்கள் உண்டு. நமக்கெல்லாம் என்ன கோபம் வந்தது! நம்மைப் போய் இப்படிச் சொல்லிவிட்டார்களே, ஒருத்தரையாவது நேரில் கேட்டார்களா என்று கொதித்தோம். நியாயமான கோபம். ஆனால், யோசியுங்கள். பாட்னாவில் ஒரு தாய் அந்த வீடியோவைப் பார்த்து மகனுக்குப் போன் போட்டு "வந்துடுப்பா" என்று அழுதபோது, அவளால் வேறென்ன செய்திருக்க முடியும்? தமிழ்நாட்டைப் பற்றி அவளுக்குத் தெரிந்த ஒரே சாட்சி அவள் மகன்தான். அவனிடம் இந்த ஊரைப் பற்றி நல்லதாகச் சொல்ல நாலு விஷயம் இருந்திருந்தால் அந்த வீடியோ அந்த வீட்டில் எடுபட்டிருக்காது. அந்த நாலு விஷயத்தை அவனுக்கு நாம் கொடுத்திருந்தோமா? குழாயடியில், மளிகைக் கடையில், பஸ்ஸில் பக்கத்து சீட்டில்?

அதற்கு மூன்று வருஷம் முன்பு, 2020 மே மாதம், இந்த நெடுஞ்சாலையில்தான் அவர்கள் முதுகில் பையோடு வடக்கே பார்த்து நடந்தார்கள். வெயிலில் ஜோடி ஜோடியாக, குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு. சாப்பாடு கொடுத்தவர்களும் தண்ணீர் கொடுத்தவர்களும் வழியெல்லாம் இருந்தார்கள். அதுவும் அவர்கள் மனசில் இருக்கும். ரெண்டும் சேர்ந்ததுதான் நம் ஊர்.

வியட்நாமிலிருந்து வந்த பிறகு மருமகள் ஒரு காரியம் செய்தாள். அங்கே பதினாலு நாளும் பார்க்கிறவர்கள் எல்லாம், "எங்க ஊர் எப்படி இருக்கு? பிடிச்சிருக்கா?" என்று அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். ஓட்டல்காரர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், காபி கொண்டுவந்த பையன் என்று எல்லோரும். இதே கேள்வியைக் கடைசி வீட்டுப் பெண்ணிடம் யாராவது கேட்டிருப்பார்களா என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அத்தையை மொழிபெயர்ப்புக்கு வைத்துக்கொண்டு போய்க் கேட்டாள். "எங்க ஊர் எப்படி இருக்கு?"

அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்திருக்கிறாள். வந்து எட்டு மாசம்.

"இன்னும் பார்க்கலை" என்றாள்.

அவள் பார்த்தது ஸ்டேஷன், மளிகைக் கடை, குழாய், புருஷன் வேலை செய்கிற கம்பெனியின் கேட். அவருக்கு ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் ஓவர்டைம். பழவேற்காடு ஏரி இங்கிருந்து கிட்டத்தில்தான். குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து நிற்கும். ஏரி இருப்பதே அவளுக்குத் தெரியாது. பிரம்மபூருக்குப் பக்கத்தில் சிலிகா என்று இதைவிடப் பெரிய உப்புநீர் ஏரி இருக்கிறது, அங்கேயும் இதே பறவைகள் வரும் என்று அவள் சொன்னபோது, எளாவூரிலேயே இத்தனை வருஷமாக இருக்கிற அத்தை, தானும் பழவேற்காடு போனதில்லை என்றார். அடுத்த லீவு நாளில் நாலு பேரும் போவதாகப் பேச்சு. பஸ் எத்தனை மணிக்கு, எங்கே மாற வேண்டும் என்று மகன் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.